பூஜை முடியாத ஊர்

முன்னொரு காலத்திலே என்று ஆரம்பித்தவுடன் சில பேர் காலை நீட்டிச் சாய்ந்துகொள்வார்கள். இன்றைக்கு யாரும் சாய வேண்டாம். நிமிர்ந்து உட்காருங்கள். இது நான் கோபத்தில் சொல்கிற கதை. பெரியவர்கள் யாரும் நைசாக எழுந்து போய்விடக் கூடாது. கோபமே உங்கள் மேல்தான்.

முன்னொரு காலத்திலே, மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் சந்தனபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவன் கனகசேனன். கெட்ட ராஜா இல்லை. ஆனால் யாராவது அவனைப் பார்த்து "ஆஹா!" என்று சொல்லிவிட்டால் போதும், வெயிலில் வைத்த வெண்ணெயாக உருகிப் போவான். அவன் அரண்மனையில் பெரிய புத்தக மண்டபம் ஒன்று இருந்தது. ஊர்க் குழந்தைகள் எல்லாம் அங்கேயேதான் கிடப்பார்கள். ஒரு குழந்தை படிக்கும், மற்றவை சுற்றி உட்கார்ந்து "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்கும். மண்டபமே அந்தச் சத்தத்தில் அதிரும்.

வருஷத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜை வரும். ஊரில் உள்ள புத்தகம் அத்தனையையும் மண்டபத்தில் அடுக்கி, பட்டுத்துணி சுற்றி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அன்றைக்கு யாரும் எதையும் படிக்கக் கூடாது. குழந்தைகளுக்குக் கேட்க வேண்டுமா? கணக்குப் புத்தகத்தைத்தான் முதலில் ஓடிப்போய்க் கொண்டு வைப்பார்கள், அதுவும் அடுக்குக்கு அடியில். மறுநாள் காலையில் மறுபூஜை. பட்டை அவிழ்த்து ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால்தான் பூஜை முடிந்தது என்று அர்த்தம். படிக்காவிட்டால் பூஜை பாதியில் நிற்கிறது.

ஒரு வருஷம், மறுபூஜை அன்று காலையில் மண்டபத்துக்கு ஒருவன் வந்தான். நீளச் சடை, பட்டு வேட்டி, கையில் சந்தனக் கிண்ணம். பெயர் மௌனகண்டன். பார்த்தால் சாமியார். உண்மையில் பொல்லாத மந்திரவாதி. அவனுக்குச் சோறு வேண்டாம், பால் வேண்டாம், பழம் வேண்டாம். குழந்தைகள் கதையின் நடுவில் "அப்புறம்?" என்று கேட்கிறார்களே, அந்த அப்புறம்தான் அவனுக்குச் சாப்பாடு. ஒரு குழந்தையின் அப்புறத்தை விழுங்கினால் அவனுக்கு ஒரு வயது குறையும்.

பட்டை அவிழ்க்கப் போன ராஜாவின் கையை அவன் பிடித்தான்.

"ராஜா, புத்தகம் என்பது தெய்வம். தெய்வத்தைப் போய்ப் பிசுபிசுத்த கையோடு இந்தப் பொடியன்கள் புரட்டலாமா? பக்கத்தை மடிக்கலாமா? முறுக்குத் தூளைக் கொட்டலாமா? அவிழ்க்காதீர்கள். இன்றும் பூஜை நாள்தான். ஆஹா! உங்களைப் போலப் புத்தகத்தை மதிக்கிற ராஜா மூன்று உலகத்திலும் கிடையாது!"

ராஜா உருகிவிட்டான்.

மறுநாளும் மௌனகண்டன் வந்தான். "இன்றும் பூஜை நாள்தான்" என்றான். அதற்கு மறுநாளும் வந்தான். "இன்றும் பூஜை நாள்தான்" என்றான். இப்படியே மாதம் போனது, மழைக்காலம் போனது, வருஷங்களும் போயின. மூட்டை அவிழவே இல்லை.

பெற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சந்தோஷப்பட்டார்கள்! "புத்தகம் எல்லாம் கிழியாம, கசங்காம, வாங்கின மேனிக்கு இருக்கே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு இங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. கிழியாமல் வைப்பதற்கா புத்தகம்? அப்படியானால் சோற்றையும் பட்டில் சுற்றி வைத்து, பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பட்டினி கிடக்க வேண்டியதுதானே?

மந்திரவாதி அந்த மூட்டைகளின் மேல் ஒரு மந்திரமும் போட்டு வைத்திருந்தான். பட்டை அவிழ்த்துப் புத்தகத்தைத் தொட்டவர்கள் மண்பொம்மையாகிவிடுவார்கள். ஆசை தாங்காமல் ஒரு குழந்தை அவிழ்த்தது. பொம்மையானது. அடுத்து ஒன்று, அடுத்து இன்னொன்று. அவனோ ஒவ்வொன்றின் அப்புறத்தையும் விழுங்கிவிட்டு, பொம்மைகளை மண்டபத்திலேயே படிக்கட்டில் அடுக்கிக் கொலு வைத்தான். பெரியவர்கள் ஒருவர்கூடப் பொம்மையாகவில்லை. ஏன் தெரியுமா? ஒருவர்கூட அவிழ்க்கவில்லை.

பெற்றவர்கள் அழாமல் இல்லை. ஒரு வாரம் அழுதார்கள். அப்புறம் கொலு பார்க்க வந்தார்கள். சுண்டல் வாங்கித் தின்றார்கள். "பாருங்களேன், எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கான்! வீட்டிலே இருந்தப்போ ஒரு நிமிஷம் வாயை மூடுவானா?" என்று பேசிக்கொண்டார்கள். பெற்றவர்கள் பேசுகிற பேச்சா இது?

அந்த ஊரில் பொன்னாத்தா என்று ஒரு பூக்காரி. மண்டபத்துப் புத்தக மூட்டைகளுக்கு நாள்தோறும் மாலை கட்டிக் கொண்டுவருவது அவள் வேலை. அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வடிவு, இளையவள் நாச்சி. தொடுத்தது போக மிஞ்சிய பூக்காம்புகளைத் தரையில் வளைத்து வளைத்து வைத்து, அ, ஆ என்று வடிவு தங்கைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நாச்சிக்கு ஐந்து வயது. எழுத்துத் தெரிந்த பிறகு அவளைப் பிடிக்க முடியுமா? ஒரு நாள் பூக்கூடையோடு அம்மாவின் பின்னால் மண்டபத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

கொலுவின் மூன்றாம் படியில் வாயைத் திறந்தபடி ஒரு சின்ன பொம்மை உட்கார்ந்திருந்தது. பார்த்தவர்கள் பாட்டுப் பாடுகிற பொம்மை என்றார்கள். வடிவுக்குத் தெரியும், அது நாச்சி. பாடவில்லை, அப்புறம் என்று கேட்க வாய் திறந்திருக்கிறாள்.

இப்படி இருக்கும்போது மழையில் மண்டபம் ஒழுகியது. ஈரம் பட்டுப் பொம்மைகள் இளகத் தொடங்கின. மௌனகண்டன் ராஜாவிடம் போய், "பச்சை மண் தாங்காது ராஜா. நாளைக்கு உச்சிவேளையில் எல்லாவற்றையும் சூளையில் வைத்துச் சுட்டுவிடுவோம். கல்லு மாதிரி ஆகிவிடும்" என்றான். ராஜா தலையாட்டினான். ஊரும் தலையாட்டியது. பச்சை மண்ணாக இருக்கும் வரைதான் மந்திரத்தை முறிக்க வழி உண்டு. சுட்டுவிட்டால் பொம்மை பொம்மைதான்.

தண்டோராச் சத்தம் கேட்டதும் வடிவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முதலில் அம்மாவிடம் போனாள்.

"அம்மா, நாளைக்கு நாச்சியைச் சுடப் போறாங்களாம்! வா, தூக்கிட்டு வந்துடுவோம்."

பொன்னாத்தா தொடுத்துக்கொண்டிருந்த நாரைக் கீழே வைக்கவில்லை. "நாம பூக் கட்டுறவங்கடி. அரண்மனைச் சமாசாரம் நமக்கு எதுக்கு? இருக்கிற ஒருத்தியும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று அழுதாள்.

மறுநாள் காலையில் வடிவு ராஜாவின் பல்லக்கை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ராஜா, அந்தப் பொம்மையெல்லாம் குழந்தைங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் பெண்ணே. ஆனால் புத்தகத்துக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!"

"நீங்க கடைசியா எப்போ ஒரு புத்தகம் படிச்சீங்க?"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. பதில் சொல்லத் தெரியாத பெரியவர்கள் என்ன செய்வார்களோ அதையே அவனும் செய்தான். "வாயாடி!" என்று அதட்டிவிட்டுப் பல்லக்கின் திரையை இழுத்துவிட்டான்.

வடிவு பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனாள். வாசலில் சூளைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாருமில்லை. கோபத்தில் கூடையை ஒரு மூட்டையின் மேல் அப்படியே கவிழ்த்தாள்.

"யாருடி அவ, என் வீட்டுக் கூரையிலே குப்பையைக் கொட்டுறது?" என்று ஒரு குரல் கேட்டது.

பட்டின் ஓட்டையிலிருந்து ஒரு ராமபாணப் பூச்சி தலையை நீட்டியது. ஏட்டையும் காகிதத்தையும் துளைத்துத் துளைத்துத் தின்னுமே, அந்தப் பூச்சி. தின்று தின்று உருண்டையாக இருந்தது.

"இந்த ஊரிலே புத்தகத்துக்குள்ளே போய் வந்தவன் நான் ஒருத்தன்தான். அதனாலே மரியாதையாப் பேசு. உன் தங்கச்சியைத் தேடித்தானே வந்தே?"

"அவளை எப்படித் திரும்பக் கொண்டுவர்றது? அதைச் சொல்லு."

"பூஜை முடியணும். அவ்வளவுதான். மூட்டையை அவிழ்த்து ஒருத்தர் ஒரு புத்தகத்தைக் கடைசி வரைக்கும் படிச்சுட்டா பூஜை முடிஞ்சுது. அவன் மந்திரமும் முடிஞ்சுது."

"தொட்டா பொம்மையாயிடுவாங்களே?"

"உடனே ஆக மாட்டாங்க. மொதல்லே கால் மண்ணாகும், அப்புறம் இடுப்பு, அப்புறம் கழுத்து. எல்லாப் பிள்ளைகளும் காலைப் பார்த்துப் பயந்து புத்தகத்தைக் கீழே போட்டாங்க. போட்ட நிமிஷமே பொம்மை. உன் தங்கச்சி மட்டும் போடலை. கழுத்து வரைக்கும் மண்ணாகியும் எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டே இருந்தா. அவன்தான் ஓடிவந்து கையிலேர்ந்து புத்தகத்தைப் பிடுங்கினான்."

வடிவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. "இதையெல்லாம் பார்த்துட்டு இத்தனை நாளும் சும்மாவா இருந்தே?"

"யாரு என்னைக் கேட்டா? நீங்க படிக்க ஆரம்பிச்சா என் சாப்பாடு போயிடுமே. இப்போ வாசல்லே சூளை போடுறான். புகை எனக்கு ஆகாது. அதனாலே சொல்றேன்."

அந்த ஊர்ப் பெரியவர்களைவிட இந்தப் பூச்சி எவ்வளவோ தேவலாம். சுயநலத்தை ஒளிக்காமல் சொன்னது.

"நாச்சி படிச்ச புத்தகம் எது?"

பூச்சி ஒரு சின்ன மூட்டையைக் காட்டியது. வடிவு முடிச்சை இழுத்தாள். நாச்சிக்குப் பிறகு மந்திரவாதி இறுக்கிக் கட்டியிருந்தான். பல்லால் கடித்து அவிழ்த்தாள். புழுங்கிக் கிடந்த காகித வாசனை குப்பென்று அடித்தது. அதே நேரம் வெளியே உச்சிவேளை முரசு கொட்டியது. ராஜா, மந்திரவாதி, காவலர்கள், கொலு பார்க்க வருகிற கூட்டம், பூக்கூடையோடு பொன்னாத்தா, எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள்.

வடிவு அவர்களைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பிச் சத்தம் போட்டுப் படித்தாள். பூக்காம்பில் பழகிய எழுத்துத்தானே, தட்டித் தடுமாறித்தான் வந்தது.

"ஒரு… யா… னை… யானைக்குட்டிக்கு நிழல் காணாமல் போனது."

அவள் கால் இரண்டும் மண்ணாயின.

"அது கொக்கிடம் போய்க் கேட்டது. என் நிழலைப் பார்த்தாயா? பார்க்கவில்லை, போ. அது ஆமையிடம் போய்க் கேட்டது. என் நிழலைப் பார்த்தாயா? பார்க்கவில்லை, போ."

இடுப்பு வரை மண்ணானது. கூட்டம் "ஐயையோ!" என்றது. வடிவு குனிந்து பார்க்கவில்லை. யானைக்குட்டி எங்கே போகிறது என்று தெரிய வேண்டாமா?

"பாவி, பூஜை நாளில் படிக்கிறாள்!" என்று கத்திக்கொண்டு மௌனகண்டன் புத்தகத்தைப் பிடுங்கப் பாய்ந்தான். அவன் சடையை யாரோ பின்னாலிருந்து பிடித்து ஒரு சுண்டு சுண்டி இழுத்தார்கள். பொன்னாத்தா! இத்தனை வருஷம் எதற்கெடுத்தாலும் பயந்த பொன்னாத்தா, நாரை முறுக்குகிற மாதிரி அந்தச் சடையைக் கையில் முறுக்கிக்கொண்டாள்.

"சின்னவ கையிலேர்ந்து பிடுங்கினே. அப்போ நான் பார்த்துக்கிட்டு நின்னேன். என் மூத்தவ படிச்சு முடிக்கிறதுக்குள்ளே ஒரு அடி நகர்ந்தே, சடை உன் தலையிலே இருக்காது. நீ படிடி!"

வடிவு படித்தாள். "ஆலமரத்து வேரில் ஒரு சின்னஞ்சிறு கதவு. யானைக்குட்டி கதவைத் தட்டியது. உள்ளேயிருந்து ஒரு குரல்…" இந்த இடத்தில்தான் நாச்சி நின்றிருந்தாள். வடிவு பக்கத்தைத் திருப்பினாள். "உள்ளேயிருந்து ஒரு குரல், யாரது என் தூக்கத்தைக் கெடுப்பது என்று கேட்டது. கதவைத் திறந்தது ஒரு எறும்பு. யானைக்குட்டியின் நிழலை அது வீட்டுக்குக் கூரையாகப் போட்டிருந்தது. வெளியே வெயில் தாங்கவில்லை, இதைத் தர மாட்டேன் என்றது எறும்பு. யானைக்குட்டிக்கு அழுகை வந்தது. அப்போது…"

அப்போது ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்தின் நடுவில் பெரிய ஓட்டை. பூச்சி தின்றுவிட்டது.

வடிவுக்குக் கழுத்து வரை மண். நாக்குத்தான் பாக்கி.

"அப்புறம்?"

கேட்டது யார் தெரியுமா? ராஜா! பல்லக்கில் திரையை இழுத்துவிட்டுப் போன அதே கனகசேனன், படிக்கட்டின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிரீடம் கோணிக்கொண்டிருந்தது. அதுகூட அவனுக்குத் தெரியவில்லை. "அப்புறம் என்ன ஆச்சு? எறும்பு குடுத்துதா, குடுக்கலையா?"

மௌனகண்டன் ஆவலோடு வாயைத் திறந்து அந்த அப்புறத்தை விழுங்கினான். குழந்தையின் அப்புறம் என்றால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கும். இது வருஷக்கணக்காக ஒரு பெரிய மனிதன் அடக்கி வைத்திருந்த அப்புறம். தொண்டையில் சிக்கிக்கொண்டது. அதற்குள் காவலன் ஒருவன் "அப்புறம்?" என்றான். விறகு அடுக்கியவன் ஓடிவந்து "அப்புறம்?" என்றான். "அடியே, அப்புறம் என்னடி?" என்று பொன்னாத்தா கத்தினாள். மந்திரவாதிக்குக் கண் பிதுங்கியது.

ஓட்டையில் எழுத்து இல்லை. ஆனால் இவ்வளவு தூரம் அந்த யானைக்குட்டியோடு நடந்து வந்தவளுக்குச் சொல்லத் தெரியாதா? வடிவு சொன்னாள்.

"யானைக்குட்டி அழுதுச்சு. எறும்புக்குப் பாவமா இருந்துச்சு. சரி, உச்சி வெயில் நேரம் மட்டும் எனக்குக் குடு, காலையிலேயும் சாயங்காலமும் நீயே வெச்சுக்கோன்னு சொல்லிச்சு. யானைக்குட்டியும் சரின்னு சொல்லிச்சு. அதனாலேதான் இன்னிக்கும் உச்சிவேளையிலே நம்ம நிழல் காலடியிலே இத்தனூண்டா இருக்கு. மிச்சத்தை எறும்பு கடன் வாங்கியிருக்கு. கதை முடிஞ்சுது!"

எல்லோரும் குனிந்து வாசல் வெயிலைப் பார்த்தார்கள். அங்கே நின்றவர்களின் நிழல் எல்லாம் இத்தனூண்டாகத்தான் இருந்தது.

பூஜை முடிந்தது.

மௌனகண்டனுக்கு ஒரு விக்கல் எடுத்தது. விக்கலோடு ஒரு "அப்புறம்?" வெளியே விழுந்தது. இன்னொரு விக்கல், இன்னொரு "அப்புறம்?" விழுங்கியது அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டின. ஒவ்வொன்றும் போகப் போக அவனுக்கு வயது ஏறியது. தோல் சுருங்கி, முதுகு வளைந்து, கடைசியில் விரல் உயரத்துக்கு ஒரு களிமண் பொம்மையாகிப் பொன்னாத்தாவின் கையிலேயே நின்றான். அப்புறங்கள் பறந்து போய் அவரவர் வாயில் புகுந்தன. கொலுப்படியில் ஒரு பொம்மை தும்மியது. பக்கத்துப் பொம்மை மூக்கைச் சொறிந்தது. பிறகு படிக்கட்டே குழந்தைகளின் கூச்சலிலும் குதியாட்டத்திலும் அதிர்ந்தது. வடிவின் உடம்பிலிருந்த மண்ணும் காய்ந்து உதிர்ந்தது.

பெற்றவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழட்டும். இந்த அழுகையைக் கொஞ்சம் முன்னாலேயே அழுதிருக்கலாம்.

சந்தனபுரியில் இன்றைக்கும் பூஜைக்கு மறுநாள் பட்டு மூட்டையைப் பெரியவர்கள் அவிழ்ப்பதில்லை. ஊரிலேயே சின்னக் குழந்தைதான் அவிழ்க்கும். எந்தப் புத்தகம் வேண்டுமோ அதை எடுக்கும். "இது எதற்கு, அதை எடு" என்று யாராவது வாயைத் திறந்தால், சூளைக்கு அடுக்கிய விறகில் மிச்சம் இருக்கிறது என்று ராஜா ஞாபகப்படுத்துவான். கொலு வைக்கும்போது கடைசிப் படியில், பூசணிக்காய் பொம்மைக்குப் பின்னால், சடையோடு ஒரு குட்டி பொம்மை இருக்கும். வடிவு அந்த மண்டபத்துக்கே தலைவியானாள். பூச்சிக்குக் கணக்குப் புத்தகம் ஒன்றைத் தனியாகக் கொடுத்தார்கள்.

அதெல்லாம் பிற்பாடு நடந்தது. அன்றைக்குக் கடைசியாக என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். வடிவு கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு மூன்றாம் படிக்கு ஓடினாள். நாச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். தலையெல்லாம் மண்தூள். வடிவு அழுதுகொண்டே அவளை இழுத்து அணைக்கப் போனாள். நாச்சி கையைத் தட்டிவிட்டாள். அவளுக்குச் சரியான கோபம்.

"நான் வர்றதுக்குள்ளே நீ மட்டும் எப்படிப் படிக்கலாம்? மொதல்லேர்ந்து படி!"

வடிவு அங்கேயே படியில் உட்கார்ந்து, மண் கைரேகை பதிந்த அந்த முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

பட்டும் அவிழ்ந்தது, என் கோபமும் பாதி ஆறியது. மீதிக் கோபம் உங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் பூட்டைத் திறந்தால் ஆறும்.